பத்தாவது பாயிண்ட்

தோற்பதற்கென்றே மாதச் சம்பளம் கொடுக்கிற வேலை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு, அதற்கு பேட்மிண்டன் மார்க்கர் என்று பெயர்.

கிளப்பில் நெட் கட்டுவது, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றுவது, பாயிண்ட் சொல்வது, ஜோடி கிடைக்காத மெம்பரோடு ஆடுவது எல்லாம் மார்க்கர் பாடு. அதில் கடைசி வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மேனேஜர் சொன்ன சப்பை ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள், மாமனாரிடம் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டைக் கீழே போட்டவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். நீங்களும் நம்ம ஜாதிதான், வெட்கப்படாமல் படியுங்கள்.

சேர்ந்த அன்றைக்கே திட்டு

சுதந்திரம் வந்த மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீடு மர்பி டவுனில். அப்பா கண்டோன்மெண்டில் சிப்பாய்கள் மெஸ்ஸில் சமையல்காரர். சிப்பாய்கள் ஆடாத நேரத்தில் அவர்கள் கோர்ட்டில் ஆடிப் பழகியவன் நான். ஆட்டத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மல்லேஸ்வரத்துக் கிளப்பில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்துப் போனேன். தகரக் கூரை போட்ட ஹால், ஒரே ஒரு கோர்ட். மார்க்கர் சவரிமுத்து என்று நோட்டில் பேர் எழுதிக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஒரு மெம்பர் ஆடக் கூப்பிட்டார். தொப்பையும் தலைப்பாகையுமாக இருந்தார். பதினைந்துக்கு இரண்டில் முடித்து அனுப்பினேன். கை தட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தால் ஒருத்தர் கையும் அசையவில்லை. செக்ரடரி ராவ், கன்னடக்காரர், தங்கமான மனுஷன், என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். திட்டுகிறார் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. "சவரி, தோத்துப் போன மெம்பர் நாளைக்கு டென்னிஸ் ஆடப் போயிடுவார், நீ யார்கூட ஆடுவே?" என்றார்.

அடடா சொல்லும் நேரம்

அப்புறம் தோற்கக் கற்றுக்கொண்டேன். லேசான வேலை என்று நினைக்காதீர்கள். சர்வீஸை நெட்டில் அடித்துத் தோற்றால் குருடனுக்கும் தெரிந்துவிடும். நன்றாக ஓட வேண்டும், கையை முழுசாக நீட்ட வேண்டும், ஷட்டில் ராக்கெட்டில் படாமல் ஒரு விரல்கடை தள்ளி விழ வேண்டும். அப்போது வாயிலிருந்து ஒரு 'அடடா' வர வேண்டும். ஒரு நொடி முந்தினால் நடிப்பு, பிந்தினால் நக்கல். பதினைந்து–பன்னிரண்டு என்று மெம்பர் ஜெயித்தால் மெம்பருக்கும் திருப்தி, நான் சுமாராக ஆடுகிறவன் என்ற மரியாதையும் எனக்கு மிஞ்சும்.

கிளப்பில் ஒரே ஒருவரை மட்டும் என்னால் ஏமாற்ற முடியவில்லை. ராத்திரி டியூட்டிக்குப் போகும் முன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகும் டாக்டரம்மா. ஒருநாள் அவரிடம் தோற்றுவிட்டு வழக்கம்போல் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் ராக்கெட் கோணாமல் இருக்க அதை மரப்பெட்டியில் வைத்துத் திருகாணிகளை முடுக்கிக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "நல்லாவே தோக்கறீங்க சவரிமுத்து, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

சேஷாத்ரி சார்

இனி சொல்லப்போவது முழுக்க ஒரே மெம்பரின் கதை. சேஷாத்ரி சார் சர்க்கார் ஆபீஸில் சூப்பரிண்டெண்ட். மெலிந்த உடம்பு, கறுப்புச் சட்டக் கண்ணாடி. எட்டாவது கிராஸில் வீடு, குழந்தை இல்லை, புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். நாற்பது வயதுக்கு மேல்தான் ராக்கெட்டையே தொட்டார். ஆட்டம் வராது. வராது என்றால் சுத்தமாக வராது. ஷட்டில் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

ஆனால் அந்த மனுஷனுக்கு இருந்த ஆசை வேறு யாருக்கும் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுண்ணாம்பு வெள்ளையாகத் துலக்கிய கான்வாஸ் ஷூவுடன் வந்து நிற்பார். நானும் தோற்பேன். ஆறு வருஷம், மழை நாள் தவிர தினமும், பதினைந்து–பன்னிரண்டு, பதினைந்து–பதினொன்று. ஜெயித்த கையோடு வீட்டுக்கு ஓடி மாமியிடம் ஸ்கோர் சொல்வாராம். ஆபீஸில் அவருக்குக் கிடைக்க வேண்டிய ஒவ்வொரு மேல் நாற்காலியிலும் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் தோற்பதில் எனக்கும் ஒரு புண்ணியம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் எழுதற நோட்ல வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்டுக்கறான் சவரி, இங்கே அடிச்சது நான்தான்னு யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது பாரு."

கோட்டோரம் நான்

பொய் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வருஷம் கண்டோன்மெண்டில் நடந்த ஓப்பன் போட்டிக்கு சேஷாத்ரி சார் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். மார்க்கரையே தினமும் ஜெயிக்கிறவர் ஏன் கொடுக்க மாட்டார்? வேண்டாம் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதற்கு வேண்டாம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

போட்டி நாளில் என்னை லைன் பார்க்க அனுப்பியிருந்தார்கள். கோட்டோரம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே முதல் வரிசையில் மாமி, மடியில் காபி பிளாஸ்க். எதிராளி மீசை அரும்பாத ஒரு காலேஜ் மாணவன். பதினைந்து–ஒன்று, பதினைந்து–பூஜ்யம். விழுகிற ஒவ்வொரு ஷட்டிலுக்கும் 'உள்ளே' என்று கை காட்ட வேண்டியவன் நான். முதல் ஆட்டத்தின் பாதியிலேயே அவர் ஷட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன்.

முடிந்ததும் பையனுக்குக் கை கொடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், நேரே என் முக்காலிக்கு வந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்கிற மாதிரி கேட்டார்: "அப்போ ஆறு வருஷமா நான் யாரோடப்பா ஆடிண்டிருந்தேன்?"

ஒன்றே ஒன்று

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவர் வரவில்லை. ஆணியில் கோட் இல்லை. மற்ற மெம்பர்களிடம் தோற்கும்போது எனக்கு 'அடடா' வரவில்லை. எட்டாவது கிராஸ் வரைக்கும் சைக்கிளில் போய், அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் இரண்டு தடவை திரும்பி வந்தேன்.

ஒரு சாயங்காலம் அவரே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். செக்ரடரியைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே சொன்னார்: சவரி இனிமேல் என்னிடம் ஒரு பாயிண்ட்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, நான் தோற்றால் டென்னிஸுக்குப் போக மாட்டேன், எழுதிக் கொடுக்கட்டுமா? ராவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அன்று பதினைந்து–பூஜ்யம். மறுநாள் பதினைந்து–பூஜ்யம். ஒரு மாதம் பூஜ்யம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கப்புறம் நான் முதல் தடவையாக முழுக் கையை வீசி அடித்தேன். நரம்பில் ஷட்டில் சரியாகப் பட்டால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், தோள் வரைக்கும் இனிக்கும். சம்பளத்துக்காக அதை மறந்தே போயிருந்தேன். வீட்டுக்குப் போகும்போது நான் விசில் அடிப்பதைப் பார்த்து என் பெண்சாதி சந்தேகப்பட்டாள்.

அவரும் மாறினார். கண்ணை மூடுவதை நிறுத்தினார். மூலைக்கு ஓடினார், விழுந்தார், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒருநாள் என் ஸ்மாஷ் ஒன்றை எப்படியோ தடுத்தார். அது நெட்டுக்கு மேலே தயங்கி என் பக்கம் விழுந்தது. நான் பாய்ந்தேன், எட்டவில்லை. நிஜமாகவே எட்டவில்லை. இது நீ கொடுத்ததா என்று கேட்டார். மாதா மேல் சத்தியமாக இல்லை சார் என்றேன். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் பலகையில் பதினைந்து–ஒன்று என்று எழுதி அழிக்காமல் வைக்கச் சொன்னார். படி இறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: "ஆறு வருஷமா மாமிகிட்ட பொய் ஸ்கோர் சொல்லியிருக்கேன், இன்னிக்குத்தான் நிஜ ஸ்கோர் சொல்லப் போறேன்."

பாதிக் கோர்ட்

அந்த ஒன்று மூன்றாயிற்று, ஐந்தாயிற்று, அடுத்த வருஷம் ஏழாயிற்று. என்றைக்காவது பத்து எடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, பத்து போதும் என்பார். அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உதடு நீலம் பூத்ததை முதலில் கவனித்தவர் டாக்டரம்மா. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்து வைத்திருக்கிறதாம், ஆபரேஷன்தான் வழியாம். அதுவும் அந்தக் காலத்தில் நிச்சயம் இல்லையாம். மெட்ராஸுக்குப் போக நாள் குறித்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கான்வாஸ் ஷூவோடு வந்து நின்றார். நான் மாட்டவே மாட்டேன் என்றேன். அவர் டாக்டரம்மாவிடம் குழந்தை மாதிரி கெஞ்சினார். கடைசியில் அந்த அம்மா, ஓடக் கூடாது, பாதிக் கோர்ட்டில் மட்டும் ஒரே ஆட்டம் என்று சம்மதித்துவிட்டு, கோட்டோரம் போட்டியன்று நான் உட்கார்ந்த மாதிரியே முக்காலியைப் போட்டுக் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

பாதிக் கோர்ட்டில் ஓட்டம் கிடையாது, கைதான் பேச வேண்டும். அவர் கை அன்று பேசியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் விடவில்லை. பன்னிரண்டு எனக்கு, ஒன்பது அவருக்கு, சர்வீஸ் அவர் கையில். அப்போது எனக்குள் பழைய மார்க்கர் எழுந்து உட்கார்ந்துகொண்டான். ஒரு பாயிண்ட்தானே, கேட்ட பத்து கிடைத்த சந்தோஷத்தில் போகட்டுமே என்றான். வந்த ஷட்டிலை ஒரு விரல்கடை வெளியே தள்ளினேன். 'அடடா'வும் சரியான நேரத்தில் வந்தது. பத்து–பன்னிரண்டு என்று நானே ஸ்கோர் சொன்னேன்.

அவர் சர்வீஸ் போடவில்லை. ஷட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் ஒன்பது என்றார். நான் பத்து சார் என்றேன். ஒன்பது என்று சொல்லு, அப்புறம்தான் போடுவேன் என்றார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது–பன்னிரண்டு என்று சொன்னேன். அதற்கு மேல் நான் விடவில்லை. அவரை அவமானப்படுத்த இன்னொரு தடவை எனக்கு மனசு வரவில்லை. பதினைந்து–ஒன்பது.

நெட்டுக்கு மேலே கை கொடுத்தார். கை சில்லென்று இருந்தது, முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. "திரும்பி வந்து பத்தாவதை நானே எடுத்துக்கறேன், நெட்டை அவுத்துடாதே" என்றார்.

மாமி கேட்டது

அவர் திரும்பி வரவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் மெட்ராஸிலேயே போய்விட்டார். செக்ரடரி வாசலில் நின்று சொன்னபோது நெட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிச்சு விழவே இல்லை. பெரிய மனுஷன் மாதிரி அடக்கிக்கொள்ளவெல்லாம் இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

ஒரு மாதம் கழித்து மாமி வந்தார். அந்த ஹாலுக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை. மரப்பெட்டியில் முடுக்கிய ராக்கெட்டை என்னிடம் நீட்டிவிட்டு, கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்று ஆடுவார் என்று கேட்டார். காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கே போய் நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, ஒன்பது எடுத்தேன் ஒன்பது எடுத்தேன் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் வரைக்கும் எல்லாரிடமும் சொன்னார், உண்மையைச் சொல்லுங்கள், அது அவர் எடுத்ததா இல்லை முன்னே மாதிரி நீங்கள் கொடுத்ததா என்றார்.

ஒன்பதும் அவர் எடுத்ததுதான் அம்மா, நான் கொடுக்கப் பார்த்த ஒன்றை அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்று நடந்ததைச் சொன்னேன். மாமி கண்ணைத் துடைக்கவில்லை, வழிய விட்டுவிட்டார். "அது போதும், அவருக்குன்னு சொந்தமா ஒன்பது இருந்துதே" என்றார்.

இருபது வருஷம் யார் யாரிடமோ கணக்கில்லாமல் தோற்றுச் சம்பளம் வாங்கியவன் நான், அந்த ஒரே ஒரு பத்தாவது பாயிண்டைத்தான், தோழர்களே, எவ்வளவு முயன்றும் என்னால் தோற்க முடியவில்லை.