அக்கா அளந்த எலும்பு

ஒரு சொட்டு மருந்து கேட்டேன், அக்கா தரவில்லை. பதினெட்டு வருஷம் அந்தக் கோபத்தைச் சுமந்தேன். கீழ்வரிசையில் நாலு பல் போனது அவளால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பல் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈறுநோய் கண்ட எலிகளின் தாடையை வாரக்கணக்கில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியை விட மெலிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஏற்றுவாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பாள். கண்ணைச் சுற்றிப் பதிந்த இரண்டு வளையத்தோடுதான் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஈறு வீங்கினால் உடம்பில் ஒரு புரதம் தூது போகுமாம். எலும்பைத் தின்கிற செல்களைக் கூட்டி வருமாம். அந்தத் தூதை மறிக்கிற மருந்தைப் பாதி எலிகளுக்குப் போட்டிருந்தார்கள். எது எந்த எலி என்று அளக்கிறவளுக்குத் தெரியக் கூடாது என்பதால், கண்ணாடித் துண்டில் எழுதியிருப்பதைக் காகிதம் ஒட்டி மறைத்திருப்பார்கள்.

என் பல் அப்போதே ஆடத் தொடங்கியிருந்தது.

"எலிக்குப் போடறதை எனக்குக் குடுத்தா என்னக்கா குறைஞ்சிடும்?"

"எலிக்கே என்ன ஆச்சுன்னு இன்னும் தெரியலடா. டாக்டர்கிட்ட போய் ஈறைச் சுத்தம் பண்ணிக்க."

"லேத்துல இரும்பையே கடையறவன் நான். இதுக்கெல்லாம் டாக்டரா?"

"ஊசின்னா பயம்னு சொல்லேன்."

பயம்தான். போகவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனேன். அக்கா கை கழுவப் போயிருந்தாள். மருந்து கேட்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஆத்திரத்தில், தட்டில் அடுக்கியிருந்த கண்ணாடித் துண்டுகளின் காகிதங்களை உரித்துவிட்டேன். "இந்தத் தட்டு பூரா மருந்து போட்டதுக்கா, அளந்து பாரு" என்றேன் திரும்பி வந்தவளிடம், பெரிய உபகாரம் செய்தவன் போல.

அக்கா நேரே ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரிடம் போனாள். "என் தம்பி பண்ணின வேலை சார். இனிமே நான் அளந்தா செல்லாது."

மூன்று மாத உழைப்பு இன்னொருத்தி கைக்குப் போனது. மருந்து போட்ட எலிகளுக்கு எலும்பு கூடுதலாக மிஞ்சியிருந்ததாம். தானே அளந்தவள் மாதிரி அன்றைக்கு முகமெல்லாம் பூரிப்பு அவளுக்கு. அப்படிப்பட்ட மருந்தைத் தர மறுத்தாளே என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது.

போன வருஷம் அக்கா நோயில் படுக்கையாகக் கிடந்தாள், பார்க்கப் போனேன். "வாயைத் திற" என்றாள். மேல்வரிசையை விரலால் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் இன்னும் பிடிச்சிருக்குடா, மடையா. நாளைக்கே போய்ச் சுத்தம் பண்ணிக்க. அப்படியே எக்ஸ்ரே எடுத்துட்டு வா. எலும்பு எவ்வளவு மிச்சம்னு நானே அளக்கணும்."