மணவாளக்குறிச்சியில் ஒன்பது கம்புகள்

மணலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு சர்க்கார் சம்பளம் கொடுக்கும் என்பது நாகர்கோவில் மணிமேடைக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடை வாசலில்தான் எனக்குத் தெரியவந்தது. வாடகைச் சைக்கிள் வேண்டுமென்று கையால் பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு என் இன்டர்மீடியட் இங்கிலீஷைக் கொண்டு ஒத்தாசை செய்தேன். பெயர் யோனாஸ். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்துகொண்டிருந்தது. ஊர் லித்துவேனியா என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அட்லாஸில் அந்த இடம் ருஷ்யாவின் நிறத்துக்குள் கரைந்து கிடந்தது. கௌனாஸ் என்ற பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் உதவி ஆசிரியர். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"காற்றில் மணல் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது."

சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னார். பி.ஏ.வுக்குத் திருவனந்தபுரம் போவதா, மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலைக்கு மனுப் போடுவதா என்று ஆறு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தவன் நான். படித்தவனுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு என்று அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஏழேகால் பஸ். மணவாளக்குறிச்சிக்குப் பத்து மைல். டிக்கெட் ஆளுக்கு ஐந்து சக்கரக் காசு. முந்தின நாள் சாயங்காலம் சந்தையில் வாங்கிய கமுகங்கம்புகள் ஒன்பதைச் சீட்டுக்கடியில் நீட்டிப் போட்டிருந்தோம். கண்டக்டர் அவற்றில் தடுக்கி விழப் பார்த்தார்.

"ஏலே மக்கா, தொரை எங்க வேலி கெட்டப் போறாரு?"

"மணல அளக்கப் போறாரு அண்ணே."

"அளக்குததுக்குத்தான் மணல் கம்பெனி இருக்கே. இவரு எந்த ஊரு?"

"லித்துவேனியா."

"அது கொளச்சலுக்கு அங்ஙனயா, இஞ்ஞனயா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. யோனாஸ் விவரம் கேட்டார்; சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அங்ஙன என்று சொல். கப்பலில் போனால் வந்துவிடும்" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

அம்மாண்டிவிளை தாண்டும்போது பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். அவர் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களின் ஜாபிதா: யார், எங்கே படித்தார், எதை ஆராய்கிறார். ஒவ்வொரு பக்கமாக எனக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் சதுப்பு நிலத்தைத் தோண்டி, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின மகரந்தத்தை எண்ணுகிறார். ஒருவர் ஆறுகளின் பெயர்களைச் சேர்க்கிறார். மற்றொருவர் கிராமத்துப் பெண்களின் பாட்டுகளை எழுதி வைக்கிறார். ஏரியில் பனி என்றைக்கு உறைகிறது, என்றைக்கு உடைகிறது என்று குறிப்பதற்கும் ஒருவர். பாதிப் பேர் பெட்ரோகிராடிலும் பெர்லினிலும் சுவிட்சர்லாந்திலும் படித்துவிட்டு, நாடு சுதந்திரம் அடைந்ததும் திரும்பி வந்தவர்கள். அதற்கு முன்னே அவர்கள் பாஷையை அவர்களுடைய எழுத்திலேயே அச்சடிக்க ஜார் அரசு நாற்பது வருஷம் தடை போட்டிருந்ததாம். புத்தகத்தை எல்லை தாண்டிக் கடத்தி வந்தார்கள் என்றார். புகையிலை கடத்துவதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், புத்தகத்தை!

யோனாஸின் பெயர் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. மணல் ஆராய்ச்சி தேறினால் அடுத்த பதவி. தேறாவிட்டால் ஏதாவது சிற்றூர்ப் பள்ளியில் பூகோள வாத்தியார். "உன் கதையும் என் கதையும் ஒன்றுதான்" என்றார். அவர் நாட்டுக் கடற்கரையில் மணல்மேடுகள் நகர்ந்து ஊர்களையே மூடியிருக்கின்றனவாம். வெப்பமான கடற்கரையில் மணல் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கொழும்புவரை கப்பலிலும், பிறகு தூத்துக்குடி, ஆரல்வாய்மொழி வழியாகவும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

ஒன்பது மணிக்கு ஊருக்கு மேற்கே கடலோர மேட்டில் ஏறினோம். ஆடிக் காற்று வேட்டியைப் பறித்தது. மேட்டின் மேல் அடப்பங்கொடி படர்ந்து கிடந்தது; கீழே பனைகள்; பனைகளுக்கு நடுவே நாலைந்து வீடுகள். மேட்டின் உச்சியிலிருந்து வீடுகளை நோக்கி வரிசையாக ஒன்பது கம்புகளையும் நட்டோம். ஒவ்வொன்றிலும் மணல் மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேல் எத்தனை விரல் மணல் ஏறுகிறது என்று தினமும் பத்து மணிக்குப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் குளச்சல் முசாவரி பங்களாவில் தங்கி, நாலு மைல் சைக்கிள் மிதித்து வந்தார். நான் மணவாளக்குறிச்சியில் என் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டேன்.

முதல் நாள் மணல் ஏறவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. காற்று கண்ணில் மணலை வாரி அடிக்கிறது. கம்பில் கோடு பளிச்சென்று நிற்கிறது! ஐந்தாம் நாள் யோனாஸ் மண்டியிட்டு, மணலை இறுகப் பிடித்துக் கிடந்த கொடியின் வேரைத் தோண்டிப் பார்த்தார். எல்லாம் அடப்பங்கொடியின் வேலை என்று முடிவு கட்டினார். அதன் விதையைக் கொண்டுபோய் அவர் நாட்டுக் கரையில் விதைத்தால் ஊர்கள் பிழைக்குமே! பன்னிரண்டாம் நாளுக்குள் தம் பேராசிரியருக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதி முடித்துவிட்டார். அதில் என் பெயரும் இருந்தது. நான் அங்கே வந்து படிக்க வழியுண்டா என்ற கேள்வியும் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்து அஞ்சல் வெளிநாட்டுக்குப் போகாது. பன்னிரண்டாம் நாளே குளச்சல் பிரிட்டிஷ் தபாலாபீஸில் நாலு மணிக்குள் சேர்க்க வேண்டும். மறுநாள் அவருக்குப் பயணம்.

அந்தக் கடைசி நாள் தூக்கம் பிடிக்கவில்லை. காலை ஐந்தரைக்கே மேட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் குனிந்து, தென்னோலை மட்டையால் நாலாவது கம்பைச் சுற்றி மணலை ஒதுக்கி ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள். பனைகளுக்கிடையே குடியிருக்கும் ஞானப்பூ அக்கா. மணல் கம்பெனியில் கருமணல் சுமப்பவள்.

"அக்கா, என்ன செய்யுதீங்க?"

"பாத்தா தெரியல்லியா? மூடிப்போச்சு. தூத்து எடுக்கேன்."

"தெனமுமா?"

"பின்னே? செவப்புக் கோடு தெரியாண்டாமா? கம்பெனியில அடையாளத்துக்கு நட்ட குத்திக்கம்பு மூடிப்போனா மேஸ்திரி என்ன பாடு படுத்துவாருன்னு ஒனக்குத் தெரியுமா தம்பி? இந்தத் தொரை பாவம், ஈர்க்குச்சி கணக்கா இருக்காரு. அவருக்கும் மேல ஒரு மேஸ்திரி இருப்பாருல்லா? அவரு வந்து வையாண்டாமேன்னுதான்."

அவள் பெருமையாகவே தொடர்ந்தாள்: "மேல நிக்கிற ரெண்டு கம்புக்கு அடியில காத்து குழி பறிக்கும். அதுக்கு மணலு இட்டு நெரத்திருவேன். அவரு வரும்போ எல்லாம் ஒண்ணுபோல இருக்கும், பாத்தியா?"

அத்தை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சொல்லாமல் இருந்தால் கடிதம் போகும், அவருக்குப் பதவி, எனக்கு ஒருவேளை கௌனாஸ். அப்புறம் அந்த நாட்டில் யாரோ அடப்பங்கொடியை நட்டுவிட்டு, மணல் நிற்கும் என்று நம்பி வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். பத்து மணிக்கு யோனாஸ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒன்பது பூஜ்யங்களைக் குறித்துக்கொண்டார். அவர் நோட்டை மூடியதும் சொல்லிவிட்டேன்.

மணலிலேயே உட்கார்ந்தார். உரிந்த மூக்கைத் தடவினார். சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்:

"அந்தப் பெட்டி எவ்வளவு பெரிது?"

அக்கா அள்ளிய மணலைத் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் கொட்டி வந்திருந்தாள். மத்தியானம் அவள் கஞ்சிக்கு வந்தபோது மூன்று பேருமாக அந்தக் குவியலைப் பெட்டி பெட்டியாக எண்ணி அள்ளி மறுபக்கம் போட்டோம். துரை தலையில் பெட்டி வைத்ததைப் பார்க்க ஊர் கூடிவிட்டது. "தொரை, சும்மாடு இல்லாம சொமந்தா கழுத்து ஒடிஞ்சிரும்!" என்று ஒருத்தி தன் முந்தானையைச் சுருட்டிக் காட்டினாள். ஐம்பத்தேழு பெட்டி. எந்த நாள் எவ்வளவு, எந்தக் கம்பில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை. மேல் கம்புகளுக்கு இட்டு நிரப்பிய மணலுக்கும் கணக்கில்லை. ஆனால் மணல் நகர்கிறது, நன்றாகவே நகர்கிறது.

"தொரைக்கு வேல போயிருமா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். முகம் வாடியிருந்தது.

மொழிபெயர்த்தேன். தெரியாது என்றார் யோனாஸ். "அவளுக்கு ஏதாவது என்னிடம் கேட்க வேண்டுமா என்று கேள்" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "இந்த மணலு எங்க செவத்துக்கு எப்ப வரும்? அத அளக்க முடியுமா?"

அவருக்கு அதைச் சொன்னேன். தம் நாட்டுக் கரையில் மணல் வாசலுக்கு வந்தபிறகுதான் ஜனங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்றார்.

பிற்பகல் மூன்றே முக்காலுக்குக் குளச்சல் தபாலாபீஸ். ஆறு பக்கத்தையும் கிழித்துவிட்டு, மூன்றே வரி எழுதினார்: அளவு கெட்டது, கெட்ட காரணம் இது, மொத்தம் ஐம்பத்தேழு பெட்டி, ஒரு பெட்டியின் கொள்ளளவு இவ்வளவு. என் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுதினார். படிப்பைப் பற்றிய வரியை எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் அவரை ஆரல்வாய்மொழி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பல்கலைக்கழகம் என்ன முடிவு செய்யும் என்று அவருக்கே தெரியாது. நம் ஊரில் பரீட்சையில் தப்பு எழுதினால் மார்க்குக் குறையும். தாமே போய்த் தம் தப்பைச் சொல்லிப் பதவியை அபாயத்தில் வைக்கிறவரை முதல் தடவையாகப் பார்த்தேன்.

கம்புகளை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார். வருகிற பங்குனியிலிருந்து ஆடி முடியும்வரை நானே அளக்கப் போகிறேன். மேட்டின் அடியிலிருந்து ஞானப்பூ அக்கா வீட்டுப் பின்சுவர்வரை, பத்தடிக்கு ஒரு கம்பு. வாரம் ஒருமுறை நான் பஸ்ஸில் வருவேன். மற்ற நாட்களில் காலை வேலைக்குப் போகுமுன் அக்கா விரலால் அளந்து, கரித்துண்டால் சுவரில் கோடு போடுவாள். கையை மட்டும் வைக்கக் கூடாது, கோடு மூடினாலும் கம்பே மூடினாலும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

"கண்ணு முன்னால மூடுததப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? அதவிட மணலே சொமந்துரலாம் தம்பி" என்றாள். ஆனாலும் சம்மதித்திருக்கிறாள்.