மத்தளத்தின் கை

சட்டமன்றத்தில் அவருக்குப் பட்டப்பெயர் மத்தளம். வாயால் அவர் சாதித்தது குறைவு, கையால் சாதித்தது அதிகம். அடிதடி என்று நினைத்துவிட வேண்டாம். தன் கட்சித் தலைவரான எதிர்க்கட்சித் தலைவர் பேசும்போது ஆதரவாக மேசையைத் தட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவ்வளவுதான். முதல் தட்டு அவருடையது. மற்ற உறுப்பினர்களுக்கு அதற்குப் பிறகுதான் கையில் உயிர் வரும்.

அது பஞ்சர் ஒட்டி உரமேறிய கை. ஒரு காலத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே டயர் கடை வைத்திருந்தார். காற்றுப் போன காரோடு அங்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர்தான் தலைவர். டயரை மாட்டி முடிப்பதற்குள் இவர் சாலைக் குழிகளைக் காட்டி ஆளுங்கட்சியைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார்.

"குழியெல்லாம் மூடிட்டா உங்க பொழப்பு என்னாகும்?" என்று சிரித்தார் தலைவர்.

"போனா போகட்டுங்க. வேற தொழில் பாத்துக்கறேன்."

"அப்ப எங்கூட வாங்க."

போனவர்தான். முதலில் கவுன்சிலர், பிறகு எம்.எல்.ஏ. கடைப் பக்கம் திரும்பவேயில்லை.

தலைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நறுக்கென்று ஒன்றைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த இடைவெளி மத்தளத்துக்கென்றே விடுவது. கை விழும், சபை அதிரும், தலைவர் தொடருவார். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் எதிர்க்கட்சி வரிசையிலேயே தலை நரைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கூட இருந்தவனெல்லாம் அந்தப் பக்கம் தாவி, முன்னும் பின்னும் வண்டிகளோடு பறக்கிறான். மத்தளத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஜன்னலுக்குப் போவார். அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

"ஒரு எடத்துல உக்காருங்களேன், உங்களப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்பாள் மனைவி.

"உக்காந்து உக்காந்துதானே இப்படி ஆயிட்டேன்!" என்று எரிந்து விழுவார்.

கடைசியில் பதவியை விட்டு விலகி, இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். "தொகுதி வளர்ச்சிக்காக" என்று நிருபர்களிடம் சொன்னார். அப்படிச் சொல்லாமல் கட்சி மாறியவர் யார்? முதல்வர் மந்திரி பதவி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார், அதுதான் விஷயம். தலைவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவரோ வாயே திறக்கவில்லை. அதுதான் இவரைப் போட்டுக் குடைந்தது.

புது மந்திரிகளை அறிவிக்கவிருந்த அன்று காலையும் சபை கூடியது. ஆளுங்கட்சிப் பக்கம் மூன்றாவது வரிசையில் புது நாற்காலி. எப்படி உட்கார்ந்தாலும் எங்கேயோ குத்தியது. பக்கத்திலிருந்த கொறடா காதோரம் குனிந்தார்.

"அண்ணே, உங்க பழைய தலைவரு எந்திரிக்கப் போறாரு. கைய அடக்கி வச்சுக்கங்க. சாயங்காலம் வரைக்கும் வம்பு வேணாம்."

"நான் என்ன பச்சப் புள்ளையா?" என்ற மத்தளம், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் எழுந்தார். சாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "குழிகளை மூட இந்த அரசுக்கு மனம் வரவில்லை. பஞ்சர் கடைக்காரர்களின் பிழைப்பு போய்விடுமே என்ற கருணை!" என்று சொல்லி நிறுத்தினார்.

அதே இடைவெளி. தலைவரின் கண் பழைய இடத்துக்குப் போனது. அங்கே வேறு யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் தட்டவில்லை. தலைவர் தடுமாறி, கையிலிருந்த தாளைப் புரட்டினார். ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மத்தளத்தின் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

படார் என்று மேசை அதிர்ந்தது.

சபையே திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சபாநாயகர் உட்பட. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. இவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

மதியம் முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை.

"பழக்கதோஷம்தானே? வேற ஒண்ணும் இல்லியே?"

மத்தளம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இன்னும் சிவந்திருந்தது. 'பழக்கதோஷம் இல்லீங்க' என்று சொல்ல வாயெடுத்தார். சாயங்காலத்தை நினைத்ததும் அது உள்ளேயே இறங்கிவிட்டது.

"பழக்கதோஷம்தாங்க. அந்த ஆளு என்ன பேசுனான்னுகூட நான் காதுல வாங்கல."

தலைவரை 'அந்த ஆளு' என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாக்கு கசந்தது.

"அத அப்படியே வெளிய நிருபர்கள்ட்ட சொல்லிடுங்க" என்றார் முதல்வர். மத்தளம் போய், ஒரு எழுத்து மாறாமல் சொன்னார்.

மாலையில் பதவி வந்தது. அச்சகமும் எழுதுபொருளும். பெரிய துறையா என்று கேட்காதீர்கள், மந்திரி மந்திரிதான். வீட்டில் வாழ்த்துச் சொல்லும் போன் ஓயவில்லை. டிவியில் எல்லாவற்றையும் பார்த்திருந்த மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பழக்கத்துல தட்டுறவரு எந்திரிச்சு நின்னா தட்டுவாரு?"

"நின்னேனா?"

"நின்னீங்க."

மத்தளம் அடுத்த போனை எடுத்தார்.

அடுத்த கூட்டத்தொடரில் அவருக்கு மந்திரிகளுக்கான முன்வரிசையில் இடம். தலைவர் பேச எழுந்தார். நறுக்கென்று ஒன்று சொன்னார். மத்தளம் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். தட்டப் போவதில்லை என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் அந்த இடைவெளிக்காக உடம்பெல்லாம் பரபரத்தது. தலைவர் நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

மத்தளம் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தபடி பேச்சு முடியும் வரை காத்திருந்தார். தலைவர் எங்கேயும் நிறுத்தவில்லை.