எதிர்க்காற்றுக் கணக்கு

ஓர் அலுவலகத்துக்கு வரும் கடிதத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றாவது எழுத வேண்டும். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் இந்த விதியைச் சொல்லிப் பலரின் நித்திரையைக் கெடுத்தவள் நான். பதினொரு வயதில் ஒரு விமானக் கம்பனிக்கு நான் எழுதிய கடிதத்தை மட்டும் அந்த விதி எட்டவில்லை.

அந்த வருடம் ஆனி மாதம் அண்ணை லண்டனுக்குப் புறப்பட்டான். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்பில் விமானம். அவன் அங்கே தரையில் கால் வைக்கும்வரை சோறு தொடுவதில்லை என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்டார். எத்தனை மணிக்குக் கால் வைப்பான் என்று கண்டுபிடிப்பது, வகுப்பில் புவியியலுக்குப் பரிசு வாங்கிய என் பொறுப்பாயிற்று.

அட்லஸில் தையல் நூலை வளைத்து வைத்து அளந்தேன். ஐயாயிரத்து நானூறு மைல். விமானம் மணிக்கு ஐந்நூற்று நாற்பது மைல் பறக்கும் என்று அயல்வீட்டு மாஸ்டர் சொன்னார். ஆகப் பத்து மணித்தியாலம். அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நூலின் மேல் விரலை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு அரபிக்கடல், நீலத்துக்குள் நீலம். பதினொன்றுக்குப் பாலைவனம், ஒட்டகங்கள் அண்ணாந்து பார்த்தன. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மா இடைக்கிடை நிமிர்ந்து கேட்டார்:

“பிள்ளை, கொண்ணை இப்ப எவ்விடத்திலை நிக்கிறான்?”

சொல்லச் சொல்ல, சன்னலோரம் இருப்பது நான்தான் என்று தோன்றியது.

பின்னேரம் நாலு மணிக்கு அண்ணை இறங்கினான், என் கணக்கில். தந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எங்கள் தகப்பனார், ஐயா, என்னை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூப்பிட்டு, “அம்மா கேட்டால் எதிர்க்காத்தெண்டு சொல்லு” என்றார். சொன்னேன். அதோடு நில்லாமல், காற்றின் வேகத்தையும் விமானத்தின் வேகத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் காற்றைக் கூட்ட வேண்டியிருந்தது. சனிக்கிழமையளவில் அண்ணையின் விமானம் பின்பக்கமாகப் பறக்கத் தொடங்கியது.

அம்மா தேத்தண்ணியிலும் நீர்வேலி வாழைப்பழத்திலும் மெலிந்துகொண்டு போனார். பிழை நான் அளந்த தூரத்தில்தான் என்று முடிவு செய்து, கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சரியான தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம் என்று கேட்டு விமானக் கம்பனிக்கு எழுதினேன். ‘அவசரம்’ என்று இரண்டு கோடும் இழுத்தேன்.

மூன்று கிழமை கழித்து அண்ணையின் கடிதம் வந்தது. முத்திரை ஜேர்மனியுடையது. காசு வாங்கி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனை மொஸ்கோவுக்கு அனுப்பி, அங்கிருந்து கிழக்கு பேர்லினுக்கு ஏற்றி, பிறகு ரயிலில் மேற்குப் பக்கம் கடத்தியிருந்தான். இந்தச் சுற்றுப்பாதை ஐயாவுக்கு முதலே தெரியும். அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், சோறு தின்றார், ஐயாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. எனக்கோ, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் என் நூலை அவமதித்துவிட்டானே என்று அண்ணைமேல் கோபம்.

விமானக் கம்பனி மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஆனால் ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது, தட்டச்சில், கையொப்பத்தோடு. என் அளவு சரி. நேரத்தில்தான் அரை மணித்தியாலம் குறைவு. சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன்.

“திரும்பி வாறதுக்கும் உவ்வளவு தூரந்தானோ?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா. போறதும் வாறதும் ஒரே தூரந்தான்.”

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். இவ்வளவு எளிய கணக்கு அவருக்கு ஏன் விளங்கவில்லை என்று நான் வியந்தேன். அன்று கார்த்திகை விளக்கீடு.