நீர்மோர்ப் பந்தலைத் தாண்டி

நீர்மோர்ப் பந்தலைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த ஒரே மனிதர், எங்கள் மிஷன் பள்ளியின் பி.டி. சார்தான். அழகர் மலைக்குத் திரும்பிவிட்ட மறுநாள் அது. சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகிக் கிடந்தது. பந்தலில் நின்ற பெண் டம்ளரை நீட்டியபடி நாலடி கூடவே ஓடி வந்தார். இவரோ கைகூப்பிவிட்டு நடையை எட்டிப் போட்டார். கணக்கு வாத்தியாரான நான் இரண்டு டம்ளரை மடமடவென்று குடித்துவிட்டு, வெட்கத்தோடு அவர் பின்னால் ஓடினேன்.

அவருக்குச் சோழவந்தானில் வாழ்க்கைப்பட்ட ஒரே தங்கை. தங்கை மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்று பார்த்து, பள்ளியில் விளையாட்டுப் போட்டி. முடித்துவிட்டுத் தோட்டோடு இவர் போய்ச் சேருவதற்குள், நல்ல நேரம் போய்விடும் என்று தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை வேறொருவர் மடியில் வைத்துக் காது குத்திவிட்டார்கள். "இனி இந்த வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படாது" என்று சபையில் சொல்லிவிட்டுத் திரும்பியவர்தான். அந்தக் குழந்தை கல்லூரிக்கே போய்விட்டது. இதற்கிடையில் மனைவி போய்ச் சேர்ந்தார், மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனான். பகலெல்லாம் மைதானத்தில் விசில் ஊதிய மனிதருக்கு, சாயங்காலம் பேச ஆளில்லை.

"பஸ்ல போயி எறங்குனா ரோஷத்தோடதான் எறங்குவேன் மாப்ள. வெயில்ல நடந்து, நாக்கு ஒட்டிப்போயி வாசல்ல நின்னா, தன்னால கை நீளும்ல?" என்பார். அதற்காகத்தான் சித்திரைதோறும் அழகர்கோவிலிலிருந்து சோழவந்தானுக்கு நடந்தார். ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒரு மனிதனைத் தாகத்தோடு போக விடுவார்களா? பானகம், வெள்ளரிப்பிஞ்சு, போதாததற்குப் பக்கத்தில் வந்து நிற்கும் பைக்குகள். வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தங்கை வீட்டுத் தெருமுனையில் போய் நிற்பார். ரோஷம் கலையாமல் அப்படியே இருக்கும். பஸ் ஏறித் திரும்பிவிடுவார். இதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வருஷம்தான் நானும் கூடப் போனேன். பந்தலைத் தாண்டியதும் சாலையை விட்டு வயல்காட்டில் இறங்கினோம். அறுவடை முடிந்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவையும் கானலும்தான். அலங்காநல்லூர் வரை பேசிக்கொண்டு வந்தவர் அப்புறம் வாய் திறக்கவில்லை. என் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்திலேயே நடந்தும் அவர் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தார். எங்கே விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கை வாசலில் நின்றிருந்தார். இவர் தலையில் முக்காடாகத் துண்டு, முகமெல்லாம் புழுதி.

"அழகரப் பாத்துட்டு வாரீகளா சாமி? இம்புட்டு வெயில்லயா நடக்குறது? இருங்க" என்று உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பி.டி. சார் வாங்கி அண்ணாந்து குடித்தார். மறுபடி கொண்டுவந்து கொடுத்ததையும் குடித்தார். இப்போது துண்டை எடுப்பார், இப்போது எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் செம்பைக் கொடுத்துவிட்டு, கைகூப்பிவிட்டு, நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில்தான் பேசினார். "அவளுக்கு என்னைய அடையாளமே தெரியல மாப்ள." அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. ஓய்வுபெற்று மகனிடம் போனவர், போன வருஷம் அங்கேயே இறந்துபோனார்.

இந்தச் சித்திரையில் நான் மட்டும் அதே வயல்காட்டில் நடந்தேன். அவர் பேச்சில்லாத அந்த வெட்டவெளி என்னை அழவைத்துவிட்டது. வாசலில் நின்று நான் யார் என்று தங்கையிடம் சொல்லி, அன்று அண்ணனை அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவரு நடந்து வாரது தெருமுனையிலயே தெரியாதா தம்பி? அண்ணேன்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா செம்பக் கீழ வச்சுட்டுப் போயிருப்பாரு. தாகத்துக்குக் குடிக்கட்டும்னுதான் சாமின்னு கூப்பிட்டேன்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். செம்பிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"அது அவருக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, வாங்கிக் குடித்தேன்.