ஏழு கதவு பாய்

நாமக்கல்லில் பரமத்தி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ரஹமத்துல்லா செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து நான்கு வீடு தள்ளி நான் குடியிருக்கிறேன். கடைப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் முப்பது வயதை ஒட்டிய ஆண்கள் அவரை 'ஏழு கதவு பாய்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டம் எப்படி வந்தது, அதனால் இந்த 2025ஆம் ஆண்டில் ஒரு குழந்தையின் பெயர் எப்படிச் சிக்கலுக்குள்ளானது என்பதை, சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன்.

ரஹமத்துல்லா 1966 ஆகஸ்டில் ஆத்தூரில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜவ்வரிசி ஆலைகளில் பழைய சாக்கு வாங்கி விற்றவர். மகனுக்குச் சாக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு 1989இல் நாமக்கல் வந்தார். 1992இல் சேலம் கோட்டையைச் சேர்ந்த மஸ்தான் பீவியை மணந்தார். நடுவில் இரண்டு ஆண்டு குவைத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். 1997 மார்ச் 3 அன்று மகள் பிறந்தாள். மஹீன் என்று பெயர். 2001 அக்டோபர் 22 அன்று காய்ச்சலில் இறந்தாள். வயது நான்கு ஆண்டு ஏழு மாதம். நகராட்சிப் பதிவேட்டில் அந்தப் பிறப்பையும் இறப்பையும் எழுதியவன் நான். அங்கே பிறப்பு, இறப்புப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தேன்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் மஸ்தான் பீவி கணவரிடம், "இனிமே அந்தப் பேரை இந்த ஊட்டுல எடுக்காதீங்க. என்னால தாங்க முடியாது" என்றார். அவர் எடுக்கவில்லை. வேறு குழந்தையும் அவர்களுக்குப் பிறக்கவில்லை.

2002 ஜூனில் ரஹமத்துல்லா மோகனூர் சாலையில், வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு வீடியோ கேம்ஸ் கடை திறந்தார். நான்கு டிவி, நான்கு விளையாட்டுப் பெட்டி, எட்டு ஸ்டூல். டிஸ்குகள் சேலத்திலிருந்து வரும். அதில் ஒன்றின் அட்டையில் ஓர் ஏரி, அதன் அடியில் ஏழு கதவுகள், வில் பிடித்த ஒரு சிறு பெண். அட்டையில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. பையன்கள் அதற்கு 'ஏழு கதவு' என்று பெயர் வைத்தார்கள். அடுத்தடுத்து அதன் இரண்டாம், மூன்றாம் பாகங்களும் வந்தன.

அந்த விளையாட்டில் பொம்மைகள் வாய்விட்டுப் பேசாது. அடியில் ஒரு கட்டத்துக்குள் எழுத்து ஓடும். பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி வரும். படிக்கத் தெரியாத பையன்கள் வேகமாக அழுத்தித் தள்ளிவிட்டு அம்பை எடுப்பார்கள். ஒரு நாள் ரஹமத்துல்லா பின்னால் நின்றுகொண்டு, அந்தச் சிறு பெண் காவல்காரப் பூதத்திடம் என்ன சொல்கிறாள் என்று தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங் காவக்காரரே, இந்தக் கதவுக்குத் தாப்பாளு எந்தப் பக்கமுங்க?"

"போ புள்ள, போ. நேரமாச்சு. ஆத்தூரு கடைசி பஸ்சும் போயிருச்சு."

பையன்கள் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து விழுந்தார்கள். அன்று முதல் யாரும் எழுத்தைத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "பாய், என்ன சொல்றான் பாய்?" என்பார்கள். அவர் குவைத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் இருந்தவர், அங்கே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டவர் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

புதுச்சத்திரத்துப் பையன் மோகன்குமாருக்கு அப்போது பதினொரு வயது. அவன்தான் கேட்டான்: "அந்தப் புள்ள பேரென்னங்க பாய்?"

ரஹமத்துல்லா திரையைப் பார்த்தபடியே, "மஹீன்" என்றார்.

2003 கோடை விடுமுறை என்பதைத் தவிர அந்த நாளின் தேதி தெரியவில்லை. மூன்று பேரைக் கேட்டேன், மூன்றும் ஒத்துவரவில்லை. பையன்களுக்கு அது ஜப்பான் பெயராகத்தான் பட்டது. வீட்டில் எடுக்கக் கூடாத பெயரை அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அவர் கடையில் உரக்கச் சொன்னார். 'மஹீன் அம்பை எடுக்கறா. மஹீனுக்குக் குளுருது. மஹீன் பயப்படல.' 2012இல் எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் கடையை மூடினார். அடுத்த ஆண்டு வீட்டு முன்னறையில் செல்போன் கடை வந்தது.

மோகன்குமார் இப்போது லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். லாரியின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் எழுதுவது அவர் வேலை. 2021 செப்டம்பர் 9 அன்று அவருக்கும் மைதிலிக்கும் ஒரு பெண் பிறந்தது. இரண்டு வாரம் கழித்துப் பேருந்து நிலையத்தில் ரஹமத்துல்லாவைப் பார்த்து லட்டு கொடுத்தார்.

"பாய், நம்ம மஹீன் பேரையே வெச்சுட்டனுங்க. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் இந்தப் பேரு கெடையாது."

ரஹமத்துல்லா லட்டை வாங்கிக்கொண்டார். அதைத் தின்னவும் முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மோகன்குமார் வீட்டில் குழந்தையை அப்படிக் கூப்பிட்டார்களே தவிர, பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்கவில்லை. பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது இங்கே பல வீடுகளில் உள்ள பழக்கம். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு 2025 மார்ச் மாதத்துக்குள் பெயருள்ள சான்றிதழ் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் 'ஏழு கதவு' விளையாட்டை அனிமே என்னும் ஜப்பான் கார்ட்டூன் தொடராக எடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. மொத்தம் பன்னிரண்டு பகுதிகள், வாரம் ஒன்று. மோகன்குமாரின் நண்பர் கௌசிக், பி.சி.ஏ. முடித்துவிட்டு முட்டை வண்டி ஓட்டுபவர், எல்லாரையும் திரட்டினார். முதல் பகுதியைப் பாய் கடையில்தான் பார்ப்பது என்று முடிவாயிற்று. வேண்டாம் என்று சொல்ல ரஹமத்துல்லாவுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. 2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்றரை மணி. மஸ்தான் பீவி ஒரு திருமணத்துக்காக ஆத்தூர் போயிருந்தார்.

ஒன்பது பேர் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். ஏரி வந்தது. வில் பிடித்த பெண் வந்தாள். இந்த முறை அவள் வாய் திறந்து பேசினாள். காவல்காரப் பூதம் ஏதோ கேட்க, அவள் பெயரைச் சொன்னாள்: ஹினாசே. அடியில் ஆங்கிலத்திலும் அதுவே ஓடியது.

"யாருங் பாய் இந்த ஹினாசே? நம்ம மஹீன் எங்கீங்க?" என்றார் கௌசிக்.

"பேரை மாத்திட்டாங்களாட்ட இருக்குது" என்றார் ரஹமத்துல்லா.

அந்தப் பெயரைக் காப்பாற்ற இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் வாய்விட்டுச் சொன்ன முதல் பொய் அதுதான். மற்றதெல்லாம் வெறும் மௌனம். அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கௌசிக் செல்போனில் தேடிப் பார்த்து, முதல் விளையாட்டிலிருந்தே அவள் ஹினாசேதான் என்று கண்டுபிடித்தார். மோகன்குமாரின் பட்டறை முழுக்க அது பரவி, கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பேசினார்கள்.

"ஊரு லாரிக்கெல்லாம் பேரு எழுதறவன், சொந்தப் புள்ளைக்குப் பேரு தெரியாம உக்காந்திருக்கறான் பாரு."

"கோச்சுக்காத மாப்ள. பாயை ஜப்பானுக்கு ஒரு கடிதாசி போட்டுக் கேக்கச் சொல்லு."

மோகன்குமார் இரண்டாம் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் வரவில்லை. வீட்டில் மைதிலி, "பேரு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாம மூணு வருசமாக் கூப்புட்டுட்டு இருக்கறமா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையைக் கனிஷ்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில், பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்ப மோகன்குமார் என்னிடம் வந்தார்.

"ஏனுங் சார், உங்களுக்குத் தெரியாத பேரு இருக்காது. மஹீன்னு எங்காச்சும் பேரு உண்டுங்களா, இல்ல பாய் சும்மா அடிச்சு உட்டதுங்களா?"

எனக்கு அந்தப் பெயர் எந்த ஆண்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. பாயிடமே கேட்கச் சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு. ஐந்தாம் பகுதி வரும் நாள். மோகன்குமார், மைதிலி, குழந்தை மூவரும் ஸ்கூட்டியில் கடை வாசலில் வந்து நின்றார்கள். குழந்தை முன்னால் நின்றபடி இறங்க மறுத்தது.

"எறங்கு சாமி. மஹீன், எறங்கு கண்ணு" என்றார் மோகன்குமார்.

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள திரையை விலக்கிக்கொண்டு மஸ்தான் பீவி வெளியே வந்தார். கடையில் ஆட்கள் இருக்கும்போது அவர் இப்படி வருவதில்லை.

"யாரைத் தம்பி கூப்புட்டே?"

"என்னத்தான்" என்றபடி குழந்தை இறங்கியது.

மஸ்தான் பீவி கணவரைப் பார்த்தார். ரஹமத்துல்லா கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "எனக்கு ஜப்பான் பாஷையில ஒரு எழுத்துந் தெரியாது தம்பி" என்றார். பிறகு எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். மகள், காய்ச்சல், கடை, லட்டு. கடைசியில், "பேரை மாத்திருங்க. அஞ்சு வயசு பாக்காத புள்ளையோட பேரு அது. உங்க புள்ளைக்கு வேண்டாம்" என்றார்.

மைதிலியின் முகம் வெளுத்துவிட்டது. "செத்த புள்ள பேருங்களா? லட்டு வாங்குனீங்களே, அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லங்க?"

மஸ்தான் பீவிதான் பேசினார். "மாத்திக்கம்மா. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம். போறதுக்கு முன்னால நான் ஒரு தடவ கூப்புட்டுக்கறேன்." குழந்தையின் பக்கம் குனிந்தார். அந்தப் பெயர் இருபத்து மூன்று ஆண்டுகளாக அவர் நாவில் வராதது.

"மஹீன்."

"ஏனுங்க?" என்றது குழந்தை.

மைதிலி குழந்தையைத் தூக்கி ஸ்கூட்டியில் நிறுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். மோகன்குமார் பேருந்தில் போக வேண்டியதாயிற்று.

மூன்று நாள் மஸ்தான் பீவி கணவரிடம் பேசவில்லை. நான்காம் நாள் சோறு வைக்கும்போது கேட்டாராம்: "ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லியிருப்பீங்க?"

"எண்ணல. நூறு இருக்கும்."

"ஒம்போது வருசம். நான் மட்டும் இங்க வாயக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்." குழம்பை ஊற்றிவிட்டு, "அவ என்னென்ன செஞ்சா, சொல்லுங்க" என்றாராம். ரஹமத்துல்லா முதல் கதவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

பிப்ரவரி 16 அன்று மைதிலி மறுபடியும் வந்தார். கூடவே மோகன்குமாரும் குழந்தையும். பின்னால் முட்டை வண்டியில் கௌசிக்.

"வேற பேருக்கு இவ திரும்ப மாட்டேங்கறாளுங்க பாயம்மா" என்றார் மைதிலி. "ஒரு வாரம் பாத்துட்டேன். எனக்கு முன்னால எங்கம்மாவுக்கு ரெண்டு தங்கலீங்க. நானே தவுட்டுக்கு வாங்குன புள்ளதான். அதே மாதிரி இவளையும் வாங்கிக்கறேன். நீங்க குடுக்கோணும்."

பிள்ளை தங்காது என்று பயந்தால் இந்தப் பக்கத்தில் செய்யும் வழக்கம் அது. குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுத்து அவள் பிள்ளையாக்கிவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். வாங்கின பிள்ளைக்குப் பழைய தோஷம் ஒட்டாது என்பது நம்பிக்கை. பெரும்பாலும் கைக்குழந்தைக்குச் செய்வது. மூன்று வயது தாண்டியதற்குச் செய்து நான் பார்த்ததில்லை. முஸ்லிம் வீட்டுக் கையிலிருந்து வாங்கியும் பார்த்ததில்லை.

"எங்க மார்க்கத்துல இதெல்லாம் இல்லம்மா" என்று ரஹமத்துல்லா தயங்கினார்.

"உங்கள யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு மஸ்தான் பீவி கையை நீட்டினார்.

கௌசிக் வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். கோழித் தீவன மில்லில் வாங்கிய தவிடு, ஐம்பது கிலோ.

"ஒரு மொறத்துக்கு அம்பது கிலோவாடா?" என்றார் மோகன்குமார்.

"புள்ள நூறு வருசம் இருக்கோணுமில்ல மாப்ள."

முறம் எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. மஸ்தான் பீவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டுத் திரும்பி வர ஆறு நிமிடம் ஆயிற்று. உள்ளே என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்து, முறத்தை வாங்கிக்கொண்டு, குழந்தையைக் கொடுத்தார். மீதித் தவிட்டைச் சந்திலிருந்த மாடுகள் பத்து நாள் தின்றன.

மார்ச் 17, திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுத்தோம். 20ஆம் தேதி சான்றிதழ் வந்தது. பெயர் கட்டத்தில் மஹீன் என்று இருக்கிறது. எழுத்துகளை நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

கடைசிப் பகுதி மார்ச் 30 அன்று வந்தது. மறுநாள் ரம்ஜான். நோன்போடு மஸ்தான் பீவி டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் குழந்தை. ஏழாம் கதவு திறந்தது.

"என்ன சொல்றா?" என்று மஸ்தான் பீவி கேட்டார். கௌசிக் அடியில் ஓடிய ஆங்கிலத்தைப் படிக்க வாயெடுத்தார்.

"இருடா, பாய் சொல்லட்டும்" என்றார் மோகன்குமார்.

ரஹமத்துல்லா ஆரம்பித்தார். "ஏனுங், உள்ள ஆருங்க? நான் கதவைச் சாத்தீட்டு ஊட்டுக்கு வாரேனுங்கறா."

"பாய், எழுத்துல அப்படி இல்லீங்களே..."

"நீங்க சும்மா இருங்க கௌசிக்" என்றார் மைதிலி.

பிறகு நான் இருவரையும் விசாரித்தேன். கௌசிக் படித்தபடி, அந்தப் பெண் ஏழாம் கதவுக்குள் போனாள், கதவு மூடிக்கொண்டது. ரஹமத்துல்லா சொன்னபடி, அவள் தலை நனைய ஏரியிலிருந்து ஏறி வந்து, அம்மாவிடம் துண்டு கேட்டாள். அன்று கடையில் இருந்த ஏழு பேரில் ஆறு பேர் இரண்டாவதைத்தான் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.