திரும்பினால் இல்லாமல் போவது

பள்ளிக்கூட முகாமில், தலைத் தையல் பிரித்த மறுநாள் என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். சீனி எடுக்க மறுபக்கம் திரும்பினார். சீனியோடு வந்த கை அதே கோப்பையைத் தட்டி விழுத்தியது.

"இஞ்ச கோப்பை இருந்ததா புள்ள?"

விளையாட்டுக்குப் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மாலைக்குள் இன்னும் இரண்டு தடவை அப்படி நடந்தது.

சுனாமியில் கடல் எங்கள் ஊரான பெரியகல்லாற்றுக்குள் புகுந்த காலை, மிதந்துவந்த தோணி ஒன்று அவருடைய உச்சிக்குப் பின்னால் இடித்திருந்தது. பேச்சில் பிழை இல்லை. வாவியில் எந்த மாதம் எங்கே இறால் படும் என்பதும் மறக்கவில்லை. கண்ணும் சரி என்றார்கள்.

மட்டக்களப்பில் டொக்டர் ஒரு தட்டில் நிறப் பொத்தான்களை வைத்தார். தாளால் மூடி, ஒன்றை மாற்றி, மீண்டும் திறந்தார். ஒரு பொத்தான் என்றால் என் கணவர் கண்டுபிடித்தார். மூன்று என்றால் முடியவில்லை.

"பார்வை நல்லா இருக்கு அம்மா. பார்த்ததைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிற இடத்திலதான் அடி."

அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். பிடரிமடல் (மூளையின் பின்பகுதி) கண் அனுப்புவதை உருவமாக்குகிறது. சுவர்மடல் (உச்சிக்குப் பின்னால் இருபுறமும் உள்ள பகுதி) அந்த உருவங்களைச் சில விநாடி தாங்கி நிற்கிறது. எதைத் தாங்குவது என்று தெரிவுசெய்ய முன்மடல் (நெற்றிக்குப் பின்னால் உள்ளது) உதவுகிறது. இவருக்குச் சேதம் நடுவில் சொன்ன சுவர்மடலில். இதே காயத்தோடு ஒருவரைக் கவனிப்பவர்கள் அறிய வேண்டியது: இது மறதி அல்ல, கவலையீனமும் (கவனக்குறைவும்) அல்ல. வாதாடாதீர்கள்.

மருந்து இல்லை. "சொல்லுக்கு மூளையில வேற இடம் இருக்கு. பார்க்கிறதை வாயால சொல்லப் பழக்குங்க," என்றார் டொக்டர்.

பழக்கினேன். "இடப்பக்கம் பஸ், வலப்பக்கம் மாடு" என்று உரக்கச் சொல்லியே வீதியைக் கடந்தார்.

"என்னகா, உன்ட மனிசன் ரேடியோவா மாறிட்டாரா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஓம். விளம்பரம் மட்டும்தான் இல்ல," என்றார் இவர்.

இரண்டு வருடத்தில் மீண்டும் வாவிக்குப் போனார். குணமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

வடக்கில் போர் முடியும் தறுவாயில் எங்கள் பக்கமும் சோதனை இறுகியது. சென்றியில் (காவலரணில்) சைக்கிளை விட்டிறங்கி, பார்வையைத் தாழ்த்தி, வாய்மூடி நடப்பதுதான் வழக்கம். ஒரு காலை அவர் மீன்கூடையுடன் முன்னால் போனார். நான் பத்தடி பின்னால்.

"வலப்பக்கம் மண்மூட்டை. ரெண்டு பேர். ஒரு துவக்கு."

தெளிவான குரல். மூட்டை, ஆள், துப்பாக்கி என்று வேவு பார்ப்பவன் எண்ணும் ஒழுங்கு. அதைப் பழக்கியவள் நான்.

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வீட்டுக்கு ஓடி, டொக்டர் இவருடைய காயத்தைப் பற்றி எழுதிக்கொடுத்த கிளினிக் கொப்பியை எடுத்துவந்தேன். ஓர் அதிகாரி அதை வாசித்தார். தீப்பெட்டி, திறப்பு (சாவி), பேனை மூன்றையும் மேசையில் வைத்து, மூடுவதற்குத் தொப்பியை எடுத்தார்.

என் கணவரின் உதடுகள் பிரிந்தன. பெயர்களைச் சொல்லிக்கொண்டால் சரியாக விடை சொல்லிவிடுவார். சொன்னால் கொப்பி பொய்யாகிவிடும். வேண்டாம் என்று நான் தலையை மெல்ல அசைத்தேன். அவர் வாயை மூடினார்.

தொப்பி எழும்பியபோது திறப்பு இல்லை.

"என்ன இல்ல?" என்று தமிழ் தெரிந்த சிப்பாய் கேட்டான்.

"தெரியாது ஐயா."

பொருட்களை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தோற்றார். பொழுது சாயுமுன் விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் எதையும் சொல்லிப் பார்ப்பதில்லை. போர் முடிந்து பல மாதங்களின் பின், வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைக் காட்டினேன்.

"சென்றிய எடுத்திட்டாங்க. இனிச் சொல்லுங்க மச்சான்."

பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்ப இல்லத்தான். மறுகா திரும்பிப் பார்த்தா இருக்குமோ?"

வீதியோரம் வந்ததும் அந்த நல்ல கண்களை மூடிக்கொள்கிறார். இரைச்சல் அடங்கும் வரை காதுகொடுத்து நின்றுவிட்டுக் கடக்கிறார். வீட்டில் அவர் பார்வை என்னைவிட்டு விலகும்போதெல்லாம், திரும்புகையில் அதே இடத்தில் இருக்கவேண்டும் என்று நான் அசையாமல் நிற்கப் பழகியிருக்கிறேன். இரண்டு விநாடிதான். ஆனால் அது முடியும்வரை என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை.